திக்கும் கணினி விளையாட்டு: சேமிப்பகத்தைச் சீர்செய்ய முழுமையான வழிகாட்டி

விளையாட்டு திக்கத் தொடங்கியதும், அதாவது படம் நின்று நின்று ஓடத் தொடங்கியதும், சிங்கப்பூரில் பலரும் செய்வது ஒன்றே: டௌன்டவுன் பாதை ரயிலில் ஏறி ரோச்சோர் நிலையத்தில் இறங்கி, சிம் லிம் ஸ்குவேர் கடைகளில் எந்த எஸ்எஸ்டியின் (சுழலும் தட்டில்லாமல் சில்லுகளில் தகவலை வைக்கும் டிரைவ்) அட்டையில் பெரிய எண் அச்சாகியிருக்கிறதோ அதை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவது. சிலருக்கு அது பலிக்கிறது. வேறு சிலருக்கு 7,000 என்று அச்சிட்ட அட்டையோடு அதே பழைய திக்கலும் மிஞ்சுகிறது. அட்டையில் இருப்பது, பெரிய கோப்பு ஒன்றை ஒரே மூச்சில் படிக்கும் வேகம். விளையாட்டுக்கு வேண்டியதோ, சிதறிக் கிடக்கும் சின்னஞ்சிறு துண்டுகளைக் கேட்ட மாத்திரத்தில் எடுத்துத் தருவது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் காத்திருப்பு நேரத்தைப் பற்றியதுதான். பெரும்பாலான படிகளுக்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. ஆகவே வாங்குவதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

கணக்கு ஒன்று

விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் விளையாட்டில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 16.7 மில்லி விநாடி கிடைக்கிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வன்தட்டு ஒரு முழுச் சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி எடுக்கும். தேடும் இடம் படிக்கும் தலைக்கு நேராக வரச் சராசரியாக அரைச் சுற்று ஆகும். அதற்கு முன் தலை சரியான தடத்துக்கு நகர இன்னும் 8 அல்லது 9 மில்லி விநாடி. ஆக, ஒரு சிறு துண்டை எடுக்கவே 12, 13 மில்லி விநாடி போய்விடுகிறது. சாட்டா எனும் பழைய இணைப்பு வகை எஸ்எஸ்டியில்கூட அதே வேலை ஏறக்குறைய 0.1 மில்லி விநாடியில் முடியும்.

வன்தட்டிலிருந்து எந்த எஸ்எஸ்டிக்கு மாறினாலும் காத்திருப்பு நூறு மடங்குக்குமேல் குறைகிறது என்பதை இதிலிருந்து உணரலாம். சாட்டாவிலிருந்து என்விஎம்இ எனும் புதிய, வேகமான வகைக்கு மாறும்போது அட்டை எண் விநாடிக்கு 550 எம்பியிலிருந்து 3,500க்கோ 7,000க்கோ எகிறும். ஆனால் காத்திருப்பு நேரம் அந்த அளவுக்குக் குறையாது. வன்தட்டில் விளையாடுபவர் எஸ்எஸ்டி வாங்குவது நியாயம். சாட்டா எஸ்எஸ்டி வைத்திருப்பவர் திக்கலைப் போக்க என்விஎம்இ வாங்குமுன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 2023இல் வெளிவந்த ஸ்டார்ஃபீல்ட், பால்டர்ஸ் கேட் 3 போன்றவை எஸ்எஸ்டி கட்டாயம் என்று அறிவித்தபோதும், அது என்விஎம்இயாக இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை.

முதல் படி: குற்றவாளி சேமிப்பகம்தானா?

எல்லாத் திக்கலுக்கும் சேமிப்பகம் பொறுப்பல்ல. புதிய பகுதிக்குள் நுழையும்போதும் வாகனத்தில் வேகமாகப் போகும்போதும் திக்கினால், சுவர்களும் தரையும் சில கணம் மங்கலாக இருந்து பிறகு தெளிந்தால், சேமிப்பகத்தின் மீது சந்தேகப்படலாம். ஒரே இடத்தில் நின்றுகொண்டு சுற்றிப் பார்க்கும்போதும் திக்கல் ஓயாமல் இருந்தால் செயலி, கிராஃபிக்ஸ் கார்டு, சூடு ஆகியவற்றைப் பாருங்கள். இணைய விளையாட்டில் உங்கள் வீரர் முன்னே ஓடிப் பின்னே இழுக்கப்பட்டால் அது பெரும்பாலும் இணைய இணைப்பின் கோளாறு. இந்த வழிகாட்டி அதற்கு உதவாது.

குழப்பம் வருவது ஷேடர் திக்கலில்தான். ஒரு வெடிப்போ மந்திரமோ திரையில் முதன்முறை தோன்றும்போது, அதை வரைவதற்கான ஷேடர் என்ற சிறு நிரலை கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஏற்றபடி செயலி உருமாற்ற வேண்டும். அந்த வேலை முடியும்வரை படம் நின்றுவிடலாம். இதுவும் முதன்முறை திக்கி இரண்டாம் முறை சீராக ஓடும். சேமிப்பகத் திக்கலும் அப்படியே, ஏனென்றால் ஒருமுறை படித்த கோப்புகளை விண்டோஸ் ரேமில் வைத்துக்கொள்கிறது. இரண்டையும் பிரித்தறிய நல்ல வழி கணினியை மறுபடி தொடக்குவது. ரேமில் இருந்தவை அழிந்துவிடும். ஷேடர் சேமிப்போ டிரைவில் எழுதப்பட்டிருப்பதால் தங்கிவிடும். மறுதொடக்கத்துக்குப் பின் அதே தெருவில் அதே வண்டியை ஓட்டுங்கள். திக்கல் திரும்பி வந்தால் சேமிப்பகத்தின் மீதான சந்தேகம் வலுக்கிறது. வராவிட்டால் அது ஷேடர். கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிக்கும்வரை நிம்மதி.

மறுதொடக்கத்துக்குப் பின் மட்டுமல்லாமல் ஒவ்வொரு முறையும் ஒரே எல்லைக்கோட்டில் திக்கினால், பெரும்பாலும் விளையாட்டின் எஞ்சினே அங்கே மூச்சுத் திணறுகிறது. ஏற்றிய பொருட்களை உலகில் அடுக்கி வைக்கும் வேலை செயலியுடையது. அதை எந்த எஸ்எஸ்டியும் குறைக்காது. தயாரிப்பாளரின் திருத்தத்துக்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

இரண்டாம் படி: அளந்து பாருங்கள்

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரும் அதனுடன் வரும் ரிவாடியூனரும் இலவசம். திரையின் ஓரத்தில் ஃபிரேம் நேர வரைபடத்தைக் காட்டச் செய்யுங்கள். சராசரி ஃபிரேம் எண்ணிக்கையை நம்பாதீர்கள். 90 என்று காட்டும் விளையாட்டிலும் விநாடிக்கொரு முள் எழும்பலாம், கண் உணர்வது அந்த முள்ளைத்தான்.

விளையாட்டை எல்லையற்ற சாளரமாக ஓட்டிக்கொண்டு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறக்கலாம். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் விளையாட்டு இருக்கும் டிரைவைத் தேர்ந்தெடுத்து, ஆக்டிவ் டைம், சராசரி ரெஸ்பான்ஸ் டைம் இரண்டையும் கவனியுங்கள். ஃபிரேம் முள் எழும்பும் அதே நொடியில் ரெஸ்பான்ஸ் டைம் குதித்தால் சான்று கிடைத்துவிட்டது. எஸ்எஸ்டியில் அது ஓரிரு மில்லி விநாடிக்குள் அடங்க வேண்டும். நூற்றுக்கணக்கில் போனால் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆக்டிவ் டைம் 100 விழுக்காடு காட்டினாலே டிரைவ் உழைக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விநாடிக்கு 2 எம்பி மட்டும் நகரும் நிலையிலும் 100 காட்டும். அதற்குப் பொருள், டிரைவ் தேடலில் சிக்கித் தவிக்கிறது என்பது.

அடைப்பது யார் என்பதை ரிசோர்ஸ் மானிட்டரின் டிஸ்க் பக்கம் சொல்லும். எந்த நிரல், எந்தக் கோப்பு, எத்தனை மில்லி விநாடி என்று வரிசையாகக் காட்டும். ரெஸ்பான்ஸ் டைம் தலைப்பைச் சொடுக்கினால் பெரிய எண் மேலே வரும். என் பார்வையில், இந்த வேலையில் இதற்கு நிகரான கருவி விண்டோஸில் வேறில்லை. திறந்து பார்ப்பவர்கள்தான் குறைவு.

மூன்றாம் படி: கூட்டத்தைக் கலையுங்கள்

தேக்காவில் ஒரே கல்லில் பரோட்டா போடும் கடைக்கு முன் பத்துப் பேர் நின்றால், கடைசி ஆளின் பசிக்கு மாஸ்டரின் கைவேகம் மட்டும் பதில் சொல்ல முடியாது. டிரைவும் அப்படித்தான். விளையாட்டுக்கு முன்னால் வரிசையில் நிற்பவர்களைக் கண்டுபிடித்து அனுப்பிவிட்டாலே பல வீடுகளில் சிக்கல் தீர்ந்துவிடும்.

வீட்டில் ஒரே கணினியை எல்லாரும் பயன்படுத்தினால் இதை முதலில் கவனியுங்கள். அக்கா பள்ளிப் பாடத்தை முடித்துவிட்டு, கணக்கை விட்டு வெளியேறாமல் பயனரை மட்டும் மாற்றிவிட்டுப் போகிறார். அவருடைய கணக்கில் ஒன்டிரைவ் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். தீபாவளிப் படங்கள் ஆயிரம் ஒத்திசைந்துகொண்டிருக்கும் நேரத்தில் நீங்கள் விளையாட்டைத் திறக்கிறீர்கள். மற்றவர்கள் முறையாக வெளியேற வேண்டும் என்று வீட்டில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்துவதே இதற்குத் தீர்வு.

சில விளையாட்டுகள் ஆட்டச் சேமிப்பை டாக்குமென்ட்ஸ் கோப்புறையில் எழுதுகின்றன. அந்தக் கோப்புறையை ஒன்டிரைவ் கவனித்துக்கொண்டிருந்தால், தானியங்கிச் சேமிப்பு நடக்கும் ஒவ்வொரு முறையும் அதுவும் விழித்துக்கொள்ளும். திக்கல் கடிகாரம் பிசகாமல் ஐந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் தானியங்கிச் சேமிப்பின் இடைவெளியை மாற்றிப் பாருங்கள். திக்கலும் அதே இடைவெளிக்கு மாறினால் வேர் அதுவே. விளையாடும் நேரம்வரை ஒத்திசைவை நிறுத்தி வைக்க ஒன்டிரைவ் அனுமதிக்கிறது.

ஸ்டீம் செட்டிங்ஸில் பதிவிறக்கங்கள் பகுதிக்குப் போய், விளையாடும்போது பதிவிறக்க அனுமதிப்பதை அணைத்துவிடுங்கள். ஃபைபர் இணைப்புள்ள வீட்டில் பதிவிறக்கம் வேகமாக வருவதால், சுருக்கப்பட்ட கோப்புகளை விரித்து எழுதும் வேலை டிரைவையும் செயலியையும் ஒருசேரப் பிடித்துக்கொள்கிறது. வேகமான இணையம் இங்கே எதிரியாக மாறிவிடுவது வேடிக்கைதான்.

என்விடியாவின் உடனடி மறுஒளிபரப்பு வசதி இயங்கிக்கொண்டிருந்தால், கடைசி சில நிமிடக் காட்சியை இடைவிடாமல் தற்காலிகக் கோப்பாக எழுதிக்கொண்டே இருக்கும். வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். வேண்டுமென்றால் அதன் தற்காலிகக் கோப்புறையை விளையாட்டு இல்லாத டிரைவுக்கு மாற்றுங்கள். ஓபிஎஸ்ஸில் பதிவு செய்பவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

விண்டோஸ் டிஃபெண்டரில் விளையாட்டுக் கோப்புறையை மட்டும் சோதனையிலிருந்து விலக்கலாம் என்று பலர் சொல்வார்கள். ஸ்டீம் போன்ற கடையிலிருந்து நிறுவியதாக இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. எங்கிருந்தோ எடுத்த மாற்றுக் கோப்புகளைச் சேர்த்து ஆடும் கோப்புறைக்கு அந்தச் சலுகையைத் தராதீர்கள். சி டிரைவ் முழுவதையும் விலக்குவது வீட்டுக் கதவைக் கழற்றி வைப்பதற்குச் சமம்.

நான்காம் படி: டிரைவின் உடல்நிலை

எதையும் தொடும் முன் முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்னும் இலவச நிரலைத் திறந்தால் உடல்நிலையும் சூடும் தெரியும். வன்தட்டில் சி5 என்ற வரி பூச்சியமாக இல்லாவிட்டால் சில இடங்களைப் படிக்க அது திணறுகிறது என்று பொருள். சி7 வரி நாளுக்கு நாள் ஏறினால் பழி பெரும்பாலும் சாட்டா கம்பியுடையது. சில வெள்ளிக்குக் கிடைக்கும் கம்பியை மாற்றினால் போதும். டிரைவைத் தூக்கியெறிய வேண்டியதில்லை.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைப் பாருங்கள். 129 என்ற எண் வந்திருந்தால், டிரைவ் பதில் தராததால் விண்டோஸ் அதை மீட்டமைத்திருக்கிறது. 153 என்றால் ஒரு வேலையை மறுபடி முயன்றிருக்கிறது. 7 என்றால் பழுதான பகுதி. படம் பல விநாடி உறைந்து பிறகு ஓடிய நேரமும் இந்தப் பதிவின் நேரமும் ஒத்துப்போனால் மென்பொருளில் தேடுவதை நிறுத்திவிட்டுக் கம்பி, செருகுமிடம், ஃபர்ம்வேர் (டிரைவுக்குள்ளேயே இருக்கும் இயக்க நிரல்) ஆகியவற்றைப் பாருங்கள்.

ஐந்தாம் படி: மூச்சுவிட இடம்

எஸ்எஸ்டியை விளிம்புவரை நிரப்பாதீர்கள். கொள்ளளவில் 15 முதல் 20 விழுக்காடு காலியாக இருப்பது நல்லது. இன்றைய எஸ்எஸ்டிகளில் பல, காலியிடத்தின் ஒரு பகுதியை வேகமாக எழுதும் தற்காலிக இடமாகப் பயன்படுத்துகின்றன. நிரம்ப நிரம்ப அது சுருங்குகிறது. ஒரே சிற்றறையில் நான்கு பிட் திணிக்கும் மலிவான கியூஎல்சி வகைகளில் அந்த இடம் தீர்ந்தபின் எழுதும் வேகம் வன்தட்டுக்கும் கீழே இறங்கக்கூடும். 100 ஜிபிக்கு மேற்பட்ட விளையாட்டு ஒன்று புதுப்பிப்பை எழுதிக்கொண்டிருக்கும்போது வேறொன்றை ஆடிப் பார்த்தால் இது புரியும்.

தொடக்கப் பட்டியலில் டிஃப்ராக்மென்ட் என்று தேடித் திறக்கும் கருவி, வன்தட்டில் சிதறலைச் சேர்க்கும். எஸ்எஸ்டியாக இருந்தால் அழித்த இடங்களை டிரைவுக்கு அறிவிக்கும் டிரிம் கட்டளையை அனுப்பும். வாரந்தோறும் தானாக ஓடும்படி இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்எஸ்டியை வேறு நிரல்களால் டிஃப்ராக் செய்வது பயனற்றது, எழுதும் ஆயுளும் வீணாகும்.

பழைய எஸ்எஸ்டியில் நெடுநாள் தொடாத விளையாட்டு மட்டும் மந்தமாக ஏறினால் ஒரு தந்திரம் உண்டு. 2014இல் சாம்சங் 840 ஈவோவில், எழுதிப் பல வாரமான தகவலைப் படிக்கும் வேகம் சரிவது தெரியவந்து, நிறுவனம் ஃபர்ம்வேர் திருத்தம் வெளியிட்டது. தகவலைப் புதிதாக எழுதினால் வேகம் மீண்டது. அந்த விளையாட்டை வேறு டிரைவுக்கு நகர்த்தித் திரும்பக் கொண்டுவந்து நீங்களும் சோதிக்கலாம்.

ஆறாம் படி: எது எங்கே இருக்க வேண்டும்

விளையாட்டை எஸ்எஸ்டியில் வைத்துவிட்டு விண்டோஸை வன்தட்டில் விட்டு வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஷேடர் சேமிப்பு, பக்கக் கோப்பு (ரேம் போதாதபோது விண்டோஸ் டிரைவில் பயன்படுத்தும் இடம்), தற்காலிகக் கோப்புகள் எல்லாம் வழக்கமாக சி டிரைவில்தான் இருக்கின்றன. அது வன்தட்டாக இருந்தால் விளையாட்டு எங்கிருந்தாலும் திக்கக்கூடும். கையில் ஒரே எஸ்எஸ்டி இருந்தால் முதலில் விண்டோஸ், மிச்ச இடத்தில் இப்போது ஆடும் விளையாட்டு.

ஒரே டிரைவைச் சி, டி என்று பிரிப்பதால் வேகம் கூடாது. இரு பெயர் வைத்தாலும் உள்ளே இருப்பது ஒரே கட்டுப்படுத்திதான்.

பக்கக் கோப்பை அணைத்துவிட்டால் வேகம் கூடும் என்ற அறிவுரையைப் பொருட்படுத்தாதீர்கள். ரேம் நிறையும்போது விளையாட்டு அப்படியே மூடிக்கொள்ளும். வேகமான எஸ்எஸ்டியில் வைத்து, அளவை விண்டோஸிடமே விட்டுவிடுங்கள். 8 ஜிபி ரேமுடன் புதிய விளையாட்டுகளை ஆடுபவருக்கு டிரைவ் ஓயாமல் உழைப்பது நோயின் அறிகுறி மட்டுமே. அவருடைய காசு ரேமுக்குப் போக வேண்டும்.

இடம் போதாமல் சுத்தப்படுத்தும் நிரல்களை வாரந்தோறும் ஓட்டுபவர்கள், டைரக்ட்எக்ஸ் ஷேடர் சேமிப்பு என்ற வரியின் குறியை எடுத்துவிடுங்கள். அதை அழிக்கும் ஒவ்வொரு முறையும் ஷேடர் திக்கலை மறுபடி விலைக்கு வாங்குகிறீர்கள். என்விடியா கட்டுப்பாட்டுப் பலகையில் ஷேடர் சேமிப்பின் அளவை 10 ஜிபியாக உயர்த்தலாம்.

ஸ்டீம் விளையாட்டை நகர்த்த மறுபடி பதிவிறக்க வேண்டாம். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பக்கத்தில் புதிய டிரைவைச் சேர்த்து, பழைய டிரைவின் பட்டியலில் விளையாட்டைக் குறியிட்டு மூவ் பொத்தானை அழுத்துங்கள். முடிந்தபின் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதியை ஒருமுறை ஓட்டுவது நல்லது.

ஏழாம் படி: தூங்கும் வன்தட்டு

விளையாட்டு எஸ்எஸ்டியில் இருக்கிறது, ஆனாலும் அரை மணிக்கு ஒருமுறை படம் சில விநாடி உறைகிறது, பெட்டிக்குள் ஏதோ சுழலத் தொடங்கும் ஒலி கேட்கிறது. இதைப் பலர் கிராஃபிக்ஸ் கார்டின் மீது போடுகிறார்கள். 20 நிமிடம் வேலையில்லாத வன்தட்டை விண்டோஸ் உறங்க வைக்கிறது. ஏதோ ஒரு நிரல் அதை எட்டிப் பார்த்ததும் தட்டு முழு வேகத்துக்கு வரும்வரை காத்திருக்க நேர்கிறது. பவர் ஆப்ஷன்ஸ், மேம்பட்ட அமைப்புகள், ஹார்ட் டிஸ்க் என்று போய் நேரத்தைப் பூச்சியமாக்குங்கள். அதே பட்டியலில் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பின் மின்சேமிப்பையும், யுஎஸ்பி டிரைவில் ஆடுபவர்கள் யுஎஸ்பி இடைநிறுத்தத்தையும் அணைத்துப் பாருங்கள். மடிக்கணினியில் மின்கலம் சற்று விரைவாகத் தீரும்.

எட்டாம் படி: நம் ஊர்ச் சூடு

பகலில் 32, 33 டிகிரி தொடும் ஊர் இது. குளிர்சாதனத்தை இரவில் மட்டும் போடும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அறையில், மேசைக்கு அடியில் மூடிய அலமாரிக்குள் கணினி இருந்தால் என்விஎம்இ டிரைவ் தவிக்கும். வகைக்கு ஏற்ப 70, 80 டிகிரியைத் தாண்டும்போது அது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. விளையாடத் தொடங்கி அரை மணி வரை சீராக ஓடிப் பிறகு திக்கினால் சூட்டைப் பாருங்கள். பல மதர்போர்டுகளில் முதல் எம்.2 செருகுமிடம் (மெல்லிய குச்சி வடிவ எஸ்எஸ்டிக்கானது) கிராஃபிக்ஸ் கார்டை ஒட்டியே இருக்கிறது. கார்டு கக்கும் வெப்பம் நேரே அதன்மேல் விழும். வெப்பத்தகடு பொருத்துங்கள், தகட்டின் அடியில் உள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டுப் பொருத்துங்கள். கணினியை அலமாரியிலிருந்து வெளியே எடுப்பது அதைவிட மலிவானது.

ஒன்பதாம் படி: வாங்கியே ஆக வேண்டுமென்றால்

முதலில் மதர்போர்டின் கையேட்டைப் படியுங்கள். எம்.2 செருகுமிடம் இருப்பதாலேயே என்விஎம்இ ஏற்கும் என்று எண்ண வேண்டாம். சில சாட்டா வகையை மட்டும் ஏற்கும். சில போர்டுகளில் எம்.2 செருகுமிடத்தை நிரப்பினால் சாட்டா இணைப்பு ஒன்றிரண்டு செயலிழக்கும். புது டிரைவ் வந்ததும் பழைய வன்தட்டு காணாமல்போனதாகப் பதறுவோர் இந்த வரியைப் படிக்காதவர்கள். பெரும்பாலான போர்டுகளுக்கு 2280 அளவு (22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம்) பொருந்தும்.

என் தேர்வு எப்போதும் டிஎல்சி வகை (சிற்றறைக்கு மூன்று பிட்), 1 டிபி, நான்காம் தலைமுறைப் பிசிஐ எக்ஸ்பிரஸ். டிரைவுக்கென்றே தனி நினைவகமான டிரேம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் கணினியின் ரேமில் சிறிது கடன் வாங்கும் எச்எம்பி வசதி விளையாட்டுக்குப் போதும். ஐந்தாம் தலைமுறை டிரைவ் சூட்டையும் விலையையும் கூட்டும், திக்கலை அதிகம் குறைக்காது. விளையாட்டுக் கோப்புகளை விரைவாக ஏற்ற உதவும் டைரக்ட்ஸ்டோரேஜ் நுட்பம் 2022இல் கணினிக்கு வந்தது, அதைப் பயன்படுத்தும் விளையாட்டுகள் இன்னும் குறைவு.

கடையில் ஒட்டிய விலையில் 9 விழுக்காடு பொருள், சேவை வரி ஏற்கெனவே அடங்கியிருக்க வேண்டும். 2012இல் நடப்புக்கு வந்த லெமன் சட்டத்தின்படி, பொருளை ஒப்படைத்து ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ விற்றவரிடம் கேட்கலாம். தனியாள் ஒருவரிடம் பழைய பொருள் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. நம்ப முடியாத விலையில் 4 டிபி, 8 டிபி என்று இணையத்தில் விற்பவை பெரும்பாலும் போலி. வந்ததும் எச்2டெஸ்ட்டபிள்யூ நிரலால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துப் பாருங்கள்.

பொருத்தும்போது சுவரில் மின் சொடுக்கியை அணைத்து, கணினியின் உலோகப் பகுதியைத் தொட்டு நிலைமின்னை இறக்கிவிட்டு, டிரைவைச் சாய்வாகச் செருகி மெல்ல அழுத்தித் திருகுங்கள். விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து ஜிபிடி என்று தொடக்கி, என்டிஎஃப்எஸ் முறையில் வடிவமைக்கலாம். ஒரே அளவில் இரு டிரைவ் இருந்தால் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தவறான டிரைவை வடிவமைப்பது ஒரு சொடுக்கில் முடிந்துவிடும். விண்டோஸையே மாற்றுவதாக இருந்தால் பல தயாரிப்பாளர்கள் இலவச நகலெடுப்பு நிரல் தருகிறார்கள். டிரைவைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் இயங்கினால் மீட்புச் சாவியை முதலில் எழுதி வையுங்கள்.

பிறகு கணினியை மறுபடி தொடக்கி, முதல் படியில் ஓட்டிய அதே வழியில் அதே வண்டியை ஓட்டி, இரண்டாம் படியின் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். முள் மறையவில்லை, ரெஸ்பான்ஸ் டைமும் தாழ்ந்தே இருக்கிறது என்றால் சேமிப்பகத்தை விட்டுவிட்டு ரேமையும் செயலியையும் பாருங்கள்.

கழற்றிய வன்தட்டு நலமாக இருந்தால் படங்களுக்கும் ஆட்டச் சேமிப்பு நகலுக்கும் வைத்துக்கொள்ளலாம். பழுதானதென்றால், படிக்க முடிகிற நிலையில் முழு வடிவமைப்பு ஒன்று ஓட்டித் தகவலை அழியுங்கள். விரைவு வடிவமைப்பு போதாது. எஸ்எஸ்டிக்குத் தயாரிப்பாளரின் பாதுகாப்பான அழிப்பு நிரல் வேண்டும். பிறகு கடைத்தொகுதிகளில் வைத்திருக்கும் மின்கழிவுத் தொட்டியில் போடலாம். மின்கழிவுக்கான முறைப்படுத்தப்பட்ட திட்டம் 2021 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிறது, கணினிப் பாகங்களை ஏற்கும் தொட்டிதானா என்பது அதன் மேல் எழுதியிருக்கும்.